சந்தனப் பொட்டு வைத்த நாட்குறிப்பு



பிரெஞ்சு பேசும் லவால் நகரில் நான் குடியிருந்த வீட்டில் சரஸ்வதி பூசைக்குப் புத்தகம் வைக்காமல் தப்ப முடியாது. வீட்டுக்கார அக்கா யாழ்ப்பாணத்தவர். அகதியாக வந்து, 'இந்த நாட்டில் இருக்கலாம்' என்ற ஒரு கடிதத்துக்காக ஏழு வருடம் காத்துக் கிடந்தவர். நான் மதுரையிலிருந்து தர்க்கவியலில் ஆய்வு செய்ய வந்தவன். சாமி கும்பிட மாட்டேன் என்று பெருமை வேறு. ஆனால் எனக்கும் ஒரு சாமி இருந்தது. நூறு வருடங்களுக்கு முன் செத்துப்போன ஒரு ஜெர்மானியப் பேராசிரியர்.

எண் என்றால் என்ன என்று கேட்டே ஆயுளைக் கழித்த மனிதர் அவர். விடிவெள்ளியும் அந்திவெள்ளியும் ஒரே கோள்தான். அப்படியிருக்க, இரண்டும் ஒன்று என்று அறியும்போது நமக்குப் புதிதாக ஏதோ தெரிகிறதே, அது எப்படி என்று கேட்டவர். இதை ஒருநாள் சமையலறையில் அக்காவிடம் சொன்னேன். அவர் அசந்துபோனார். கோயிலில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "எங்கட தம்பியின்ர ஆள் சொன்னது" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்த வருடம், நான் வழக்கமாக வைக்கும் பேராசிரியர் நூலின் கிழிசல் பிரதியை அக்கா ஏற்கவில்லை. "வடிவான புத்தகமா ஒண்டு வையுங்கோ, தம்பி." நூலகத்திலிருந்து பேராசிரியரின் எழுத்துத் தொகுப்பொன்றை எடுத்துவந்து, பிரித்தும் பார்க்காமல் நேரே படத்தின் முன் வைத்தேன். அக்கா அட்டையில் சந்தனப் பொட்டு வைத்தார். வைத்த புத்தகத்தை விஜயதசமிவரை தொடக்கூடாதே!

விஜயதசமி காலையில், அவரவர் புத்தகத்தைக் கைபோன இடத்தில் பிரித்து நாலு வரி உரக்கப் படிக்க வேண்டும். அது அந்த வீட்டு வழக்கம். அக்காவின் மகள் பிரெஞ்சுப் பாடத்தில் இரண்டு வரி படித்துவிட்டு ஓடினாள். அடுத்து நான். எனக்குப் பிரிந்தது பேராசிரியரின் கடைசிக்கால நாட்குறிப்பு.

யூதர்களுக்கு நாட்டில் உரிமையே இருக்கக்கூடாதாம். அவர்கள் நாட்டைவிட்டே போய்த் தொலைந்தால் நல்லதாம். வேறு யாரோ எழுதியது என்று நினைத்து அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். அவர் பெயர்தான். நாலு வருடமாக நான் தலையில் தூக்கிவைத்து ஆடிய மனிதர்!

"என்ன தம்பி, சத்தத்தைக் காணேல்ல? எங்களுக்கும் விளங்கச் சொல்லுங்கோவன்."

"எண்களைப் பத்தி எழுதியிருக்கார்க்கா" என்றேன். பொய். உண்மையைப் பற்றி ஆய்வு செய்ய வந்தவனின் லட்சணம் இது.

அக்கா புத்தகத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை. புத்தகத்தைத் திரும்ப வாங்கி, அந்தப் பக்கத்தை அப்படியே தமிழில் சொன்னேன்.



"விடிவெள்ளியைச் சொன்ன ஆளும் இந்த ஆளும் ஒண்டோ?"

"ஒரே ஆள்தான்க்கா."

அட்டையிலிருந்த சந்தனத்தை முந்தானையால் அழுத்தித் துடைத்தார். காய்ந்துபோயிருந்ததால் முழுதாகப் போகவில்லை. புத்தகத்தை என் கையில் தந்துவிட்டுக் கேட்டார்:

"போ எண்டால் அந்தச் சனங்கள் எங்க போறது, தம்பி?"