சுண்ணாம்பு மூட்டையில் இருந்தது

பெயர் எழுதாத டப்பாவைப் பார்த்தால் நான் போடும் சத்தத்துக்கு வேலைக்குப் புதிதாக வந்த நீங்கள் சிரிக்கிறீர்கள். அதற்குக் காரணம் ஒரு மூட்டை.

ஆம்பூரில் எங்கள் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலையில், கீழே எது கொட்டினாலும் தண்ணீர் அடித்துச் சாக்கடைக்குத் தள்ளிவிடுவதுதான் பழக்கம். அன்று காலை ஸ்டோர் வாசலில், தோலின் முடி நீக்கப் போடும் சுண்ணாம்பு மூட்டை ஒன்று கிழிந்து, வெள்ளைத் தூள் சிந்திக் கிடந்தது. தரை கழுவும் பெண் பைப்போடு வந்துவிட்டாள்.

"இரும்மா, தண்ணி அடிக்காத" என்றேன்.

"இன்னாண்ணா, சுண்ணாம்புதான? உங்க வூட்டு சொத்தா?"

எனக்கு மனசு ஒப்பவில்லை. கம்பெனியிலிருந்து வரும் சுண்ணாம்பு மூட்டையின் வாய் மெஷினில் தைத்திருக்கும். இதை நீல நைலான் கயிற்றால் கட்டியிருந்தார்கள். சுண்ணாம்புக்கு வாடை கிடையாது. இங்கே தீக்குச்சி கொளுத்தியது போல ஒரு நெடி மூக்கில் ஏறியது.

ஸ்டோர் பார்ப்பவர் வெளியே வந்தார். "சுண்ணாம்புதான்பா. கழுவி வுடச் சொல்லு, பேஜார் பண்ணாத." பேசும்போது கயிற்றைத்தான் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"அப்ப இந்தக் கயிறு யார் கட்டினது?"

"என் மேலயே சந்தேகமா?"

"ஆமா சார்."

பைப்பை மூடச் சொன்னேன். எல்லோரையும் தள்ளிப் போகச் சொல்லிவிட்டுப் பாதுகாப்பு அதிகாரிக்குப் போன் செய்தேன். அவர் வந்து கேட்டதும் ஸ்டோர்காரர் குரல் இறங்கிவிட்டது. சாயம் வெளுக்கும் தூள் இருந்த டிரம் விரிசல் விட்டதாம். திட்டு விழுமே என்று காலிச் சுண்ணாம்பு மூட்டையில் கொட்டிக் கட்டிவிட்டாராம். ஈரம் பட்டால் சூடேறி, விஷப் புகை விட்டு, தீயே பிடிக்கிற தூள் அது. தண்ணீர் அடித்திருந்தால் பைப்போடு அதன் முன்னால் நின்றிருப்பவள் அந்தப் பெண்தான்.

அந்தத் தூளை விற்ற கம்பெனிக்காரர்கள் முகமூடியும் காய்ந்த கையுறையும் போட்டுக்கொண்டு வந்தார்கள். சொட்டுத் தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் முறத்தால் அள்ளி, ஈரமில்லாத டிரம்மில் போட்டு மூடி, பெயர் ஒட்டினார்கள். ரசாயனக் கழிவுக்கென்றே அனுமதி வாங்கிய வண்டி வந்து எடுத்துப் போனது. அது கேட் தாண்டும்வரை நான் அங்கிருந்து நகரவில்லை.

இப்போதும் அவள் பைப்பை எடுக்கும்போது, "அண்ணா, இதுக்கு பர்மிஷன் உண்டா?" என்று நக்கல் பண்ணுவாள். நான் போய் மூட்டையின் வாயைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.