ஆணிவாய் மாமாவின் முதுகு

என் மாமாவுக்குப் பேச்சே வராது, தங்கமான சாது என்று தெருவே நம்பிக்கொண்டிருந்தது. உண்மையில் அவர் வாய் நிறைய ஆணி. சோபாவுக்குத் துணி அடிப்பதுதான் தொழில். ஒரு கை துணியை இழுத்துப் பிடிக்கும், மறு கையில் சுத்தியல். குட்டி ஆணிகளெல்லாம் கன்னத்துக்குள் காத்திருக்கும். நாக்கால் ஒன்றை உதட்டுக்குத் தள்ளி, சுத்தியலின் காந்த முனையில் ஒட்டி, டொக். வீட்டுக்குள் நாங்கள் அவருக்கு வைத்த பெயர் ஆணிவாய்.

கூடவே மெத்தையும் விற்றார். வாசலில் பலகை: ‘இங்கே மெத்தை வாங்கினால் முதுகுவலி போயே போச்சு.’

நான் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு மூட்டையோடு வந்து இறங்கியபோது, அந்த முதுகுவலி மாமாவிடம் குடியிருந்தது. வில்லாக வளைந்திருந்தார். யாராவது கடைக்குள் வந்தால், கீழே விழுந்த ஆணியைத் தேடுவதாக நடிப்பார்.

“வெளிய தெரிஞ்சா கடைய இழுத்து மூட வேண்டியதுதான்மா. மெத்தை ஒத்துக்கல, அவ்வளவுதான். மாத்திட்டா சரியாயிடும்.”

மாற்றினார். ஸ்பிரிங், ரப்பர், தேங்காய் நார் என்று கடையே வீட்டுக்குள் வந்துவிட்டது. அத்தை சமையலறைக்குப் போக இரண்டு மெத்தைகளை ஏறி இறங்கினாள். எதில் படுத்தாலும் வலி குறையவில்லை. சாயங்காலமானால் உடம்பு தூக்கிப்போட்டுக் காய்ச்சல் வேறு.

“ஆஸ்பத்திரின்னு சொன்னாலே கடிக்க வர்றாருடி,” என்று அத்தை மூக்கை உறிஞ்சினாள். “மனுஷன் கண்ணெதிர்ல கரையறாரு. உலகத்தையே சுத்தினவளாச்சே, ஏதாவது பண்ணேன்.”

மாமாவிடம் போய்க் கூசாமல் புளுகினேன். “பெரிய ஆஸ்பத்திரில வார்டு மொத்தத்துக்கும் புது மெத்தை போடறாங்களாம். அளவெடுக்க உங்களத்தான் வரச் சொன்னாங்க மாமா.”

சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, டேப்போடு கிளம்பிவிட்டார். டாக்டரம்மாவிடம் நான் முன்கூட்டியே எல்லாம் சொல்லி வைத்திருந்தேன். அவர் அறையில் நோயாளிகளைப் படுக்கவைக்கும் கட்டிலை மாமா அழுத்திப் பார்த்து முகம் சுளித்தார். “இதுல மனுஷன் படுப்பானா?” என்று தானே படுத்துக் காட்டினார். பிறகு எழுந்திருக்க முடியவில்லை. டாக்டரம்மா சிரித்தபடியே ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தார். கேட்கக் கேட்கச் சிரிப்பு போய்விட்டது.

அன்று மாமாவை வீட்டுக்கு விடவில்லை. ரத்தம் எடுத்தார்கள், இதயத்தையும் முதுகையும் ஸ்கேன் பார்த்தார்கள்.

“இதய வால்வுல கிருமி கூடு கட்டியிருக்கு,” என்றார் டாக்டரம்மா. “அங்கேருந்து ரத்தத்தோட போய் முதுகெலும்பையும் அரிச்சிட்டிருக்கு. உடனே மருந்து ஏத்தணும். மருந்து கேக்கலன்னா நெஞ்சத் திறந்து வால்வ மாத்தணும்.”

அத்தை அழவே ஆரம்பித்துவிட்டாள். மாமா மட்டும் பிரகாசமானார். “அப்ப மெத்தை மேல தப்பில்லயா?”

“வாயத் திறங்க.” ஈறு சல்லடையாக இருந்தது. “வாயில என்னத்த வைப்பீங்க?”

“ஆணி.”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார்.

“கை ரெண்டுதானே இருக்கு டாக்டர்!” என்றார் மாமா.

“அந்தக் குத்துல வந்த கிருமிதான் இது. இனிமே ஒரு ஆணி வாய்க்குள்ள போனாலும், திரும்ப இங்கதான் வரணும்.”

வாரக்கணக்கில் மருந்து ஏறியது. ஆணி இல்லாத வாயில் இத்தனை வருஷமாகச் சேர்ந்த பேச்செல்லாம் கொட்டியது. பக்கத்துக் கட்டில்காரர் வார்டு மாற்றிக் கேட்டார். தப்பிக்க வழியில்லாத நர்ஸம்மா ஒரு மெத்தைக்குச் சொல்லிவைத்தார். நானும் அத்தையும் ஒவ்வொரு ஸ்கேனுக்கும் அறை வாசலிலேயே நின்றோம். நல்லவேளை, மருந்து கேட்டது. வால்வில் லேசான கசிவோடு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

மறுபடி கடை. ஆணிகளை இப்போது கிண்ணத்தில்தான் வைக்க வேண்டும். அத்தைக்கு நம்பிக்கையில்லை. கடைக்குப் பின்னால்தான் வீடு; அங்கிருந்தே குரல் கொடுப்பாள்.

“என்னங்க!”

“என்ன?”

“ஒண்ணுமில்ல!”

பதில் தெளிவாக வந்தால் வாய் காலி என்று அர்த்தம்.

ஒரு மத்தியானம் பதில் வரவில்லை. மறுபடி கூப்பிட்டாள். அத்தை கரண்டியோடு ஓடினாள், நான் பின்னால். மாமா கடை நடுவில் புது மெத்தையில் மல்லாந்து கிடந்தார். அத்தை வாய்க்குள் எட்டிப் பார்த்தாள். ஆணி இல்லை, குறட்டைதான். இத்தனை மாதத்தில் முதல்முறையாக முதுகு நேராகக் கிடந்தது.

வாசலில் நின்ற வாடிக்கையாளர் ஒருவர் மெதுவாகக் கேட்டார்:

“அந்த மெத்தை என்ன விலைங்க?”

“அது விக்கிறதுக்கில்ல,” என்றாள் அத்தை.