அடுத்தவன் வீட்டில் இருந்த முகங்கள்

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒற்றை ஷட்டர் கடையில் போஸ்டரும் பிளக்ஸும் அடித்துக் கொடுக்கிறாள் கல்யாணசுந்தரி. சடங்கு, காதுகுத்து எல்லாம் வரும். ஆனால் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கண்ணீர் அஞ்சலி போஸ்டர்தான். மங்கிப்போன ரேஷன் கார்டு படத்தைக் கொடுத்தாலும், செத்தவர் இப்போதுதான் தலைசீவி வந்து உட்கார்ந்த மாதிரி ஆக்கிவிடுவாள். வருஷம் திரும்பியதும் நினைவஞ்சலிக்கு அதே படத்தைக் கேட்டு வருவார்கள். சுற்றுப்பட்டு ஊர்களில் பல வீடுகளுக்கு, போனவர்களின் நல்ல முகம் அவளிடம் மட்டும்தான் இருந்தது.

இல்லை, அவளிடம் இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். கடைக் கம்ப்யூட்டரில் இடம் போதாமல், அத்தனையையும் ஒரு கம்பெனியின் கிளவுடில் ஏற்றிவிட்டு இங்கே அழித்துக்கொண்டே வந்தாள். ஒருநாள் போன் தண்ணீரில் விழுந்தது. புது போனில் உள்ளே போகப் பார்த்தால், நீ யார் என்று கேட்டது. ஆதாரை அனுப்பினாள். பெயர் பொருந்தவில்லை என்று பதில் வந்தது. கணக்குத் தொடங்கியபோது ‘கடைசிப் பெயர்’ என்ற கட்டத்தை நிரப்பாமல் மேலே போகவே விடாததால், அப்பா பெயரைப் போட்டிருந்தாள். ஆதாரில் இருப்பதோ புருஷனின் இன்ஷியல். நம் பக்கத்தில் எந்தப் பெண்ணுக்கு ஐயா கடைசிப் பெயர் இருக்கிறது? இதை விளக்கி எழுதினால், உங்கள் பொறுமைக்கு நன்றி என்று வந்தது. மறுபடி எழுதினால் மறுபடியும் நன்றி. கடைசியில் கணக்கை மூடிவிட்டதாக ஒற்றை வரி.

“எங்க அப்பா பேரையும் ஒங்க பேரையும் வச்சு நான் யாருன்னு அவன் முடிவு பண்ணுதானா? மாசாமாசம் காசு எடுக்கையில மட்டும் பேரு பொருந்திச்சோ?”

“விடுட்டி, போனது போகட்டும்” என்ற புருஷன் மாரிசெல்வம் அன்றைக்கு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

அந்தக் கோபத்திலேயே ஒரு பழைய ஆபீஸ் கம்ப்யூட்டரையும் இரண்டு ஹார்டு டிஸ்க்கையும் வாங்கினாள். அதில் இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளைப் போட்டால், தன் கோப்புகளைத் தன் இடத்திலேயே வைத்துக்கொண்டு போனிலும் பார்க்கலாமாம். யூடியூபை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, மூன்று தடவை சொதப்பி, ஒருவழியாக ஓடவைத்தாள். இரண்டு டிஸ்க்கும் கடையிலேயே இருந்தால் ஒரே இடியில் இரண்டும் போகும் என்று ஒன்றை வீட்டில் வைத்தாள். பெயர் கேட்ட இடத்தில் கல்யாணசுந்தரி என்று மட்டும் அடித்தாள். அது கடைசிப் பெயர் கேட்கவில்லை. ஆனால் உள்ளே வைக்கத்தான் ஒன்றுமில்லை.

அப்போதுதான் நாகலாபுரத்திலிருந்து முத்துத்தாய் வந்தாள். அவள் மகன் சுடலைக்குமார் லாரியில் அடிபட்டுப் போய் வருஷம் ஆகப்போகிறது.

“போன வருசம் போட்ட படத்தையே போடு தாயி. சிரிச்ச மொகமா இருந்தானே, அது.”

அந்த வீட்டில் வேறு படம் கிடையாது. இருந்ததெல்லாம் அவன் போனோடு நசுங்கிப் போயிற்று. இல்லை என்று இந்த அம்மாளின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவன் எங்கோ ஏசியில் உட்கார்ந்திருக்கிறான். அவமானம் மட்டும் இவள் தலையில்.

“அப்ப அடிச்ச பிளக்ஸு எங்க கெடக்கு, பெரியம்மா?”

“படப்புக்கு மேல போட்டிருக்கு, மழைக்கு.”

கரிசல் வெயிலில் ஒரு வருஷம் கிடந்த பிளக்ஸ் வெள்ளைத்தாளாகத்தான் இருக்கும். இருந்தாலும் புருஷனையும் கேமராவையும் கூட்டிக்கொண்டு போனாள். மாரிசெல்வம் சோளத்தட்டைப் படப்பில் ஏறி, கல்லை எடுத்துவிட்டுப் பிளக்ஸைப் புரட்டினான். சட்டையின் நீலம்கூட மங்காமல், சுடலைக்குமார் சிரித்தான்.

“அவன் மூஞ்சியில வெயில் அடிக்கப்படாதுன்னு கவுத்திப் போட்டேன்” என்றாள் முத்துத்தாய்.

கல்யாணசுந்தரி அதை அப்படியே படமெடுத்து வந்து, அன்று சாயங்காலமே சுருக்கங்களைச் சரிசெய்து, தன் கம்ப்யூட்டரில் முதல் கோப்பாக அந்த முகத்தை வைத்தாள். வீட்டு டிஸ்க்கிலும் ஏற்றினாள். போஸ்டர் வாங்க வந்த முத்துத்தாய் தயங்கிக்கொண்டே கேட்டாள்:

“அந்தப் பழச இனி என்ன தாயி செய்ய?”

“கவுத்தியே போடுங்க பெரியம்மா. கடையில ஒண்ணு, வீட்டுல ஒண்ணு, ஒங்ககிட்ட ஒண்ணு இருக்கட்டும். இனி எவன்கிட்டயும் போயி நம்ம பிள்ளையக் கேட்டு நிக்கப்படாது.”