முதலாவதா, இரண்டாவதா?

இருட்டறையின் கதவு அரைவாசி திறந்திருக்கும். "முதலாவது தெளிவோ, இரண்டாவதோ, அங்கிள்?" என்று கண் பரிசோதகர் கேட்பது வரவேற்பு மேசையிலிருந்த எனக்குக் கேட்கும். வில்லை மாறும் சின்னச் சத்தம். பிறகு அங்கிளின் குரல்: "இன்னொருக்கால் காட்டுங்கோ, பிள்ளை."

கொழும்பில் பத்திரிகை வேலையை விட்டு வந்த நான், சிட்னியில், டூங்கபியில் அந்தக் கண்ணாடிக் கடையில் மூன்று வருடம் தொலைபேசி எடுத்தேன். அங்கிள் மன்னார்க்காரர். மனைவி இறந்துவிட்டார், மகள் மெல்பேர்னில், டார்னெய்ட்டில். நாலைந்து மாதத்துக்கொருமுறை, 'கொஞ்சம் மங்கலாக் கிடக்கு' என்று நேரம் குறித்து, இஸ்திரி போட்ட சட்டையுடன் அரை மணி முன்பே வந்துவிடுவார். கண்ணில் பழுதேதும் இருக்காது. ஒருநாள் சீண்டினேன்: "அந்த எழுத்தெல்லாம் உங்களுக்குப் பாடம்தானே, அங்கிள்?"

"ஓம் தம்பி. அதாலதான் பிழையா வாசிக்கிறனான்."

அந்த நாட்களில்தான் கண் பரிசோதனைச் சட்டத்தை மாற்றும் யோசனை ஒன்று அரசாங்கத்திடமிருந்து வந்தது. வீட்டிலிருந்தே கைத்தொலைபேசியில் பார்வையைச் சோதித்துக் கண்ணாடிக்கு எழுதிக்கொடுக்கலாம். தூரத்து ஊர்களுக்கு உதவும் என்றார்கள். பொதுமக்களிடம் கருத்துக் கேட்டிருந்தார்கள். பரிசோதகர் எதிர்த்து எழுதி, திருத்தச் சொல்லி என்னிடம் தந்தார். கண் அழுத்தம், விழித்திரை, தொலைபேசிக்குத் தெரியாத நோய்கள். எல்லாம் சரியான காரணங்கள்.

அங்கிளிடம் சொன்னேன். "மகளும் அதைத்தான் சொல்லுறா. ஃபோன்ல செய்யலாமெண்டா ஏன் அப்பா அலையிறியள் எண்டு." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என்ர முகத்துக்குக் கிட்ட வந்திருந்து ஒராள் கதைக்கிறது இங்க மட்டுந்தான், தம்பி. அதையும் எழுதுவியளோ?"

எழுதவில்லை. ஆதாரம் காட்ட முடியாத வாக்கியத்தை வெட்டிப் பழகிய கை. அது இல்லாமலே கடிதம் போனது.

யோசனை இன்னும் யோசனையாகவே கிடக்கிறது. அங்கிளை மகள் டார்னெய்ட்டுக்குக் கூட்டிப்போய்விட்டார். பகலில் வீட்டில் ஒருவரும் இல்லை என்று அங்கிள் ஒருமுறை தொலைபேசியில் சொன்னார். நானும் கடையை விட்டுவிட்டேன். சிட்னியிலேயே, வெஸ்ட்மீட்டில் ஓர் அறையில் தனியாக இருந்து மொழிபெயர்க்கிறேன். ஒருவரோடும் பேசாமலே பொழுதுபடும் நாட்கள் உண்டு.

போன வாரம் அதே கடைக்குக் கண் காட்டப் போனேன். விளக்கை அணைத்துவிட்டு, பரிசோதகர் கதிரையை இழுத்துக்கொண்டு என் முகத்துக்கு நேரே வந்து அமர்ந்தார்.

"முதலாவது தெளிவோ, இரண்டாவதோ?"

இரண்டாவது. நல்ல தெளிவாகவே தெரிந்தது.

"இன்னொருக்கால் காட்டுங்கோ," என்றேன்.