ஆர்லீன் தட்டிய முன்கதவு

அந்தப் படம் ஊர்த் தியேட்டருக்கு வரப்போகிறது என்று தெரிந்த நாளிலிருந்தே ஆர்லீனின் பார்லருக்கு வரும் பெண்கள் ஒரு தினுசாகத்தான் நடந்துகொண்டார்கள். யாராவது படத்தைப் பற்றி வாயைத் திறந்தால் பக்கத்து நாற்காலிக்காரி இருமுவாள். ஆர்லீன் சீப்பும் கையுமாகத் திரும்பினால் பேச்சு உருளைக்கிழங்கு சாலடுக்குத் தாவிவிடும்.

"என்னடி, நான் வந்தா எல்லாருக்கும் தொண்ட கட்டிக்குது?" என்று ஒருநாள் ஓபலைப் பிடித்தே கேட்டுவிட்டாள். ஓபல் அவளுடைய சிநேகிதி, சனிக்கிழமை தவறாமல் தலையைச் சுருட்டிக்கொள்ள வருபவள். ரகசியம் காப்பது ஓபலுக்கு வயிற்றுவலி மாதிரி. ஆனாலும் அன்று, "நீயே போய்ப் பாரு ஆர்லீன். பாத்துட்டு என்னத் திட்டாத" என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

நெப்ராஸ்காவின் மக்காச்சோளக் காடுகளுக்கு நடுவில் போன வருஷம் சினிமாக்காரர்கள் வந்து முகாம் போட்டது எல்லாருக்கும் தெரியும். பக்கத்து மாவட்டத்தில் எங்கோ எடுத்தார்கள் என்று மட்டும்தான் ஆர்லீன் கேள்விப்பட்டிருந்தாள். அந்தப் பக்கத்துப் பேச்சு வந்தாலே அவள் காதை மூடிக்கொள்வாள். அவள் பிறந்து வளர்ந்த பண்ணை அங்கேதான் இருந்தது. அவளுடைய அப்பா ஈமில் ராஸ்முசனும் அங்கேதான் இருந்தார்.

அம்மா சீக்கிரமே போய்விட்டாள். அப்பாவும் மகளுமாகவே அந்தப் பண்ணையை ஓட்டினார்கள். மக்காச்சோளம் பறிக்கும் எந்திரம் ஈமிலின் வலது கையில் கடைசி இரண்டு விரல்களைத் தின்றபோது தன் பாவாடையைக் கிழித்து அந்தக் கையைக் கட்டியவள் ஆர்லீன்தான். அப்போது அவளுக்குப் பள்ளிக்கூடம் போகிற வயது. அப்பா டிராக்டரில் சாய்ந்து நின்றுகொண்டு, "இறுக்கிக் கட்டு, பாப்பா. கை போனாப் போகுது, சோளம் கெடக்குது பாரு" என்றார். அப்படிப்பட்ட மனுஷன்.

அவளுக்கு இருபத்திரண்டு வயதில் லியோ டுவோராக்கைப் பிடித்துப்போனது. தானியக் கிடங்கில் வேலை, சிரித்த முகம், கெட்ட பழக்கம் எதுவும் இல்லை. ஒரே ஒரு குறை, அவன் கத்தோலிக்கன். ராஸ்முசன் குடும்பம் டென்மார்க்கிலிருந்து கப்பலேறியபோதே லூத்தரன் சபை பைபிளோடு ஏறிய குடும்பம். போதகரை வீட்டுக்கு அழைத்து வந்து முன்னறையில் உட்காரவைத்துப் புத்தி சொல்லச் சொன்னார் ஈமில். அந்த அறையில் போதகருக்கும் பிணத்துக்கும்தான் இடம். மற்ற நாளில் பூட்டித்தான் கிடக்கும். ஆர்லீன் கேட்கவில்லை. ஈமில் எழுந்துபோய் முன்கதவைத் திறந்தார். "போறதுன்னா போ" என்றார். அவள் வெளியே போனதும் கதவைச் சாத்தினார். ஒரு சத்தமும் இல்லாமல், நிதானமாகச் சாத்தினார். அந்த நிதானத்தைத்தான் அவளால் மறக்க முடியவில்லை.

மூன்று வருஷம் கழித்து மானத்தை விட்டு ஒரு தடவை போனாள். மகள் மார்சி கைக்குழந்தை. முன்வாசலில் நின்று கதவைத் தட்டினாள். அப்பாவின் லாரி முற்றத்தில் நின்றது. உள்ளே ரேடியோவில் பன்றி விலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். மறுபடி தட்டினாள். ரேடியோவின் சத்தம் கூடியது. யாரோ எழுந்துபோய்க் கூட்டியிருக்கிறார்கள். யாரோ என்ன, அந்த வீட்டில் இருப்பது ஒரே ஆள். குழந்தை வீறிட்டு அழுதது. அவள் காருக்குத் திரும்பினாள். லியோவிடம் அதைச் சொன்னபோதுகூட அழவில்லை. "ரேடியோவக் கூட்டி வச்சார்" என்று மட்டும் சொன்னாள். அதற்கப்புறம் அவளுக்கு அப்பா என்று ஒருவர் இல்லை. வீட்டின் முன்னறையில் பார்லர் போட்டாள், ஊர்ப் பெண்களின் தலையைச் சுருட்டினாள், மகளைப் படிக்கவைத்தாள். நல்லபடியாகத்தான் வாழ்ந்தாள். அதை யாரும் இல்லை என்று சொல்ல முடியாது.

சனிக்கிழமை மாலை லியோவும் மார்சியும் அவளும் சோளப்பொரியோடு தியேட்டரில் உட்கார்ந்தார்கள். கதை பழைய கதைதான். கோபித்துக்கொண்டு போன மகன் வருஷக்கணக்கில் ஊர் ஊராகத் திரிகிறான். கடைசியில் அப்பாவைப் பார்க்க வருகிறான். நடிகன் ஒரு மண் பாதையில் நடந்து வந்தான். பாதையின் முடிவில் ஒரு காட்டன்வுட் மரம், அதன் பின்னால் ஒரு வெள்ளை வீடு.

ஆர்லீனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சோளப்பொரி மடியில் கொட்டியது. அது அவள் வீடு. அவள் ஏறி விழுந்த மரம், அவள் பெயின்ட் அடித்த வேலி.

நடிகன் முன்வாசலில் ஏறிக் கதவைத் தட்டினான். கதவு திறந்தது. திரை முழுக்க அப்பாவின் முகம். கிழடு தட்டி, கன்னம் ஒட்டி, ஆனால் அதே முகம். நடிகனுக்கு அப்பாவாக அவரையே நிறுத்தியிருந்தார்கள்; அந்தப் பாத்திரத்துக்குப் பேச்சே கிடையாது. அவர் மகனைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. நிதானமாக.

"அம்மா, என்னாச்சு?" என்றாள் மார்சி.

ஆர்லீன் மடியிலிருந்த சோளப்பொரியைத் தட்டிவிட்டாள். என் மூஞ்சியில் சாத்தியதை ஊர் பார்க்கக் காட்டிவிட்டாரே என்று வயிறு எரிந்தது. பார்லர் பெண்கள் ஏன் இருமினார்கள் என்பது இப்போது புரிந்தது. எழுந்து வெளியே போகப் பார்த்தவள், பாதி எழுந்த நிலையிலேயே நின்றுவிட்டாள். கதவின் குமிழைப் பிடித்த கையைத் திரையில் வெகு கிட்டத்தில் காட்டினார்கள். அந்தக் கையில் ஐந்து விரலும் இருந்தன.

"லியோ, அது அப்பா கை இல்ல" என்றாள். பின்னாலிருந்து யாரோ உட்காரச் சொன்னார்கள். அவள் உட்காரவில்லை. "அவரு சாத்தலடா. மாட்டேன்னு சொல்லியிருக்காரு. வேற ஆள வச்சு எடுத்திருக்காங்க."

இரவெல்லாம் அதையே சொன்னாள். மறுநாள் சர்ச்சில் பூசை முடிந்ததும் காரை எடுத்தாள். லியோ வரவில்லை. "நான் வந்தா அந்தக் கதவு ரெண்டு தடவ சாத்திக்கும். நீ மார்சியக் கூட்டிட்டுப் போ" என்றான்.

வீட்டுக்கு முன்னால் மரத்தடியில் காரை நிறுத்தினாள். "நீ இங்கேயே இரு. நான் கூப்பிட்டா வா" என்று மகளிடம் சொல்லிவிட்டு இறங்கினாள். முன்கதவுக்குச் சினிமாக்காரர்கள் அடித்த மங்கின பச்சைப் பெயின்ட் அப்படியே இருந்தது. படியில் கால் வைக்கப்போகும்போது வீட்டின் பக்கவாட்டிலிருந்து அப்பா வந்தார். கையில் பன்றிக்குக் கழுநீர் ஊற்றிவிட்டு வந்த காலி வாளி. அவளைப் பார்த்து நின்றார். வாளியைக் கீழே வைத்தார்.

"காபி இருக்கு" என்றார்.

பின்வாசல் வழியாக அடுப்படிக்குள் போனார்கள். அதே மேசை, அதே எண்ணெய்த்துணி விரிப்பு. அவர் ஊற்றிக் கொடுத்த காபி தண்ணீராக இருந்தது. அவருக்குக் காபி போட என்றைக்குமே வராது.

"படம் பாத்தேன்பா."

"ம். பாதிரி மாதிரி இருந்தேனாம், உங்க பெரியம்மா மவ சொன்னா."

"கதவச் சாத்துற கை உங்களுது இல்ல."

"இல்ல. என் மொண்டிக் கையப் பாத்தா ஜனங்க கதைய விட்டுட்டு விரல எண்ணுவாங்கன்னான் அந்த டைரக்டர். வண்டி ஓட்டுற பையன் கைய வச்சு எடுத்துக்கிட்டான்."

ஆர்லீன் கோப்பையைக் கீழே வைத்தாள். "அப்ப நீங்க மாட்டேன்னு சொல்லல?"

"எதுக்குச் சொல்லணும்? சாத்துன்னான், சாத்துனேன். திரும்பத் திரும்பச் சாத்தச் சொன்னான். அந்தக் கதவு வழியா யாருய்யா வீட்டுக்கு வருவான், கதையவே மாத்துன்னு சொன்னேன். கேக்கல."

பொய் சொல்லியிருக்கலாம். பொய் சொல்லத் தெரியாத மனுஷனோடு என்ன செய்வது? ஆர்லீனுக்கு மனசு விட்டுப்போனது. எழுந்துகொண்டாள்.

"அந்தக் கதவத்தான் என் மூஞ்சில சாத்துனீங்க."

"சாத்துனேன்தான்." அவர் மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "போதகர் உக்காந்திருந்தாரு. வீம்பு. ஆனா பின்கதவு தெறந்துதான கெடந்துச்சு. அன்னிக்கும் கொக்கி போடல, இன்னிவரைக்கும் போடல. கோவம் ஆறுனா வருவேன்னு உக்காந்திருந்தேன். நீதான் வரல."

"நான் வந்தேன்பா. மார்சியத் தூக்கிட்டு வந்தேன். தட்டுனேன். நீங்க ரேடியோவக் கூட்டி வச்சீங்க."

ஈமில் தலையைத் தூக்கினார். "எந்தக் கதவ?"

அவள் முன்னறைப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஆர்லீனுக்கு அப்போதுதான் அது வந்து தலையில் விழுந்தது. சின்ன வயதில் பைபிள் விற்பவனும் பிரஷ் விற்பவனும் வந்து முன்கதவைத் தட்டும்போதெல்லாம் ரேடியோவைக் கூட்டச் சொல்வது அப்பா. ஓடிப்போய்க் கூட்டிவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தது அவளேதான். அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் சொந்தக்காரன் எவனும் முன்கதவைத் தட்டமாட்டான். பின்னால் வந்து, தட்டாமலே உள்ளே வந்து, சட்டியைத் திறந்து பார்ப்பான். அது தெரியாதவளா அவள்? முன்கதவால் துரத்தியதால் பின்கதவு தனக்கு இல்லை என்று நினைத்து, விருந்தாளி மாதிரி மரியாதையாகப் போய் நின்றாள். தன் பார்லருக்குத் தினமும் ஊரார் முன்கதவால் வந்து வந்து அவளுக்கே வழக்கம் மறந்துபோயிற்றோ என்னவோ.

"ஒரு கொழந்த அழுதுச்சு," என்றார் ஈமில். முகம் வெளுத்துப் போயிருந்தது. "கேட்டுச்சு. விக்கிறவன் பொண்டாட்டி பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வந்துட்டான், என்ன ஈனப் பொழப்புன்னு நெனச்சேன். அதான் கூட்டி வச்சேன்." விரல் போன கையால் மேசைத் துணியைத் தடவிக்கொண்டே இருந்தார். "அதான் கூட்டி வச்சேன், ஆர்லீன்."

அவர் அழுது அவள் பார்த்ததே இல்லை. எந்திரம் விரலைத் தின்றபோதுகூடப் பார்த்ததில்லை. இப்போது அவர் அழ, என்ன செய்வது என்று தெரியாமல் பிரமை பிடித்து நின்றாள். கிட்டே போவதா, காபி ஊற்றுவதா என்றுகூடத் தெரியவில்லை.

அப்போது முன்கதவு தட்டப்பட்டது.

காருக்குள் வெந்துபோன மார்சி இறங்கி வந்திருக்கவேண்டும். பார்லர் வீட்டில் வளர்ந்த பெண். அவளுக்குத் தெரிந்த கதவு முன்கதவுதான். ஆர்லீன் வாயைத் திறப்பதற்குள் ஈமில் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டார். பூட்டிக் கிடந்த முன்னறையைத் திறந்துகொண்டு உள்ளே ஓடினார். குமிழைத் திருகி இழுத்தார். கதவு வரவில்லை. சினிமாக்காரர்கள் அடித்த பெயின்ட் சட்டத்தோடு சேர்ந்து காய்ந்து இறுகிப்போயிருந்தது. அவர்கள் போனதிலிருந்து அதை யாரும் திறக்கவில்லை.

மறுபடியும் தட்டல். மெதுவாக, ஒரே ஒரு தடவை.

"போயிடாத பாப்பா," என்று கிழவர் கதவின் மேல் முகத்தை வைத்துக் கத்தினார். "தாத்தா வந்துட்டேன். அங்கேயே நில்லு. தெறக்கிறேன், போயிடாத."

தோளால் இடித்தார். ஆர்லீன் ஓடிவந்து அவர் கையின் மேல் தன் கையை வைத்து, அவரோடு சேர்ந்து குமிழை இழுத்தாள்.