பக்கத்து நட்சத்திரத்தைப் பார்க்க எண்ணூருக்கு

2008 ஜூன் நடுவில், என் வீட்டுக்காரர் குமார் வெல்டர் வேலைக்கு ஆஸ்திரேலியா கிளம்ப இரண்டு நாள்தான் பாக்கி. நாலு வருட ஒப்பந்தம். இங்கேயும் அங்கேயும் தெரிகிற ஒன்றைச் சேர்ந்து பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம். நிலா இருக்கிறதே என்பீர்கள். அது ஊருக்கே பொது. நூலகத்தில் தேடி ஆல்ஃபா சென்டாரி என்ற நட்சத்திரத்தைப் பிடித்தேன். சூரியனை விட்டால் வெறுங்கண்ணுக்குத் தெரிகிற நட்சத்திரங்களில் நமக்கு மிகப் பக்கம் அதுதான். பக்கம் என்றாலும் அதன் வெளிச்சம் இங்கே வந்து சேர நாலு வருடத்துக்கு மேல் ஆகுமாம்.

ராயபுரத்திலிருந்து ஆட்டோ, போக வர இருநூறு ரூபாய். திருவொற்றியூர் தாண்டும்வரை கண்டெய்னர் லாரி வரிசை. ஏழரைக்கு எண்ணூர்க் கடற்கரை. தென்கிழக்கே கடலை ஒட்டி மேகம், அதற்குக் கீழே ஒற்றை வெளிச்சம்.

"அதான்யா!" என்றேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டே கும்பிட்டேன். ஆட்டோக்காரர் தொண்டையைக் கனைத்தார்.

"யக்கா, அது கப்பலு. ஹார்பருக்குள்ள வர்றதுக்கு நங்கூரம் போட்டுகினு நிக்குது."

"இன்னாமே, கப்பலுக்கா கும்புடு போட வச்ச?" என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அழுகை முட்டியது. மறுநாள் வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள் இருப்பார்கள். இன்று விட்டால் அவ்வளவுதான்.

"குந்துமே. கப்பலே காத்துகினு கீது, நமக்கு இன்னா அவசரம்?"

உட்கார்ந்தோம். எட்டரைக்கு மேகம் விலகியது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நட்சத்திரங்கள், இடப்பக்கம் இருந்தது எங்களுடையது. அவர் என் கையை விடவே இல்லை.

"அங்க நான் டெய்லி பாக்குறேன். நீயும் பாரு," என்றார்.

போக நினைப்பவர்களுக்கு: ஜூன் மாதம்தான் சரி. மேகமில்லாத நாளாகப் பார்த்து, இருட்டியதும் தெற்கே கடல்பக்கம் பாருங்கள். மணலி எண்ணெய் ஆலையில் எரிகிற சுவாலையின் வெளிச்சம் கண்ணில் படாதபடி உட்காருங்கள். திரும்புவதற்கும் ஆட்டோவை முன்பே பேசிவிடுங்கள்.

இன்னொன்று எனக்கு அப்போது தெரியாது. அக்டோபரில் அவர் போனில், "நல்லா மேல கீதுமே, பாத்தியா?" என்றார். பார்த்தேன் என்று சொல்லிவிட்டு மறுநாளே எண்ணூருக்கு ஓடினேன். இங்கே அது இருட்டுவதற்குள் அடிவானத்துக்குக் கீழே இறங்கிவிடுகிற மாதமாம். தென்கிழக்கே கப்பல் ஒன்று மட்டும் விளக்கோடு காத்து நின்றது. செருப்பைக் கழற்றிவிட்டு அதற்கே ஒரு கும்பிடு போட்டேன்.