அட்டிக்கில் கிடந்தது

இந்தக் குளிர்நாட்டுக்கு வந்து மோர்னிங்சைட்டில் நாங்கள் வாங்கியது பழைய வீடு. முதல் பனிக்காலத்திலேயே தெரிந்துவிட்டது, வீட்டைச் சூடாக்கும் ஃபேர்னஸ் எவ்வளவு ஓடினாலும் மேல் அறைகளில் சூடு நிற்காது. அப்போது சின்னவளாயிருந்த மகள் கம்பளித் தொப்பி போட்டுக்கொண்டுதான் படுப்பாள். குளிர் தொடங்க முன்னர் என் கணவர் ஏணி வைத்து, கூரைக்குக் கீழே இருக்கும் அட்டிக்குக்குள் ஏறி, குளிரைத் தடுக்க அங்கே கொட்டிக் கிடந்த இன்சுலேசனை வாரி, மெலிந்த இடங்களுக்கு நிரவிவிட்டு வருவார். மண்ணிறத்தில் மினுங்கும் பொடிக்கல் மாதிரியான சாமான் அது. கையில் எடுத்தால் பாரமே தெரியாது. தலை, மீசையெல்லாம் தூசியோடு இறங்குவார். நான் அவருடைய உடுப்பை உதறி மெஷினில் போடுவேன்.

மகள் கலியாணம் முடித்துப் போய், அவருக்கு முதுகு பழுதாகி வேலை நின்ற பிறகு, முதியோர் இல்லமொன்றில் உடுப்புத் தோய்க்கும் என்னுடைய சம்பளம்தான். வீட்டுக்குள்ளேயே ஜாக்கெற் போட்டுக்கொண்டு இருந்தோம். வருமானம் குறைந்த வீடுகளுக்கு இலவசமாக இன்சுலேசன் போட்டு, கதவு யன்னல் இடுக்குகளை அடைத்துத் தரும் திட்டம் ஒன்று இருக்கிறதென்று கூட வேலை செய்யும் ஒருத்தி சொன்னாள். விண்ணப்பித்தோம். சரிவந்தது. "இந்த வின்ரரோடை உந்தக் குளிர் முடிஞ்சுது" என்று அவர் எல்லாருக்கும் போன் எடுத்துச் சொன்னார்.

திட்டத்திலிருந்து வீட்டைப் பார்க்க வந்தவர் தமிழர், நாற்பது வயதிருக்கும். பெரிய காற்றாடி ஒன்றைச் சுமந்துகொண்டு வந்தார். அதை முன்கதவில் பூட்டி ஓடவிட்டால் எந்த இடுக்கால் குளிர் வருகிறதென்று பிடிக்கலாமாம். நான் தேத்தண்ணி ஊற்றப் போனேன்.

"முதல் அட்டிக்கை ஒருக்காப் பாத்திட்டு வாறன், அண்ணை."

ஏறி, மூடியைத் தள்ளி, டோர்ச் அடித்தார். உடனேயே மூடிவிட்டார். இறங்கியபோது வரும்போது முகத்தில் இருந்த கலகலப்பு இல்லை.

"அண்ணை, உதுக்குள்ளை ஆராவது ஏறுறதோ?"

"நான்தான். வருசாவருசம் ஏறி நிரவி விடுறனான்."

அவர் டோர்ச்சை அணைத்தார். "இனி ஏறாதேங்கோ. உதிலை அஸ்பெஸ்ரோஸ் கலந்திருக்கலாம். சோதிச்சால்தான் சொல்லலாம்."

கணவர் சிரிக்கப் பார்த்தார். "ஊரிலை அஸ்பெஸ்ரோஸ் சீற்றுக்குக் கீழைதானே தம்பி படுத்தெழும்பினனாங்கள்."

"அது சீற், அண்ணை. உது தூள். மூச்சோடை உள்ளை போனால் வெளியிலை வராது."

காற்றாடியை ஓடவிட்டால் தூசி கீழே இழுபடும் என்று அதைத் திரும்பத் தன் வாகனத்தில் ஏற்றினார். மூடியைச் சுற்றி டேப் ஒட்டினார். தேத்தண்ணியைக் குடிக்காமலே போய்விட்டார்.

சோதித்தார்கள். அஸ்பெஸ்ரோஸ்தான். அதை முழுக்க அகற்றும்வரை புது இன்சுலேசன் போட முடியாது. அகற்றுகிற வேலை அந்தத் திட்டத்தில் சேராது. அந்தச் செலவு எங்களால் நினைத்தும் பார்க்க முடியாதது. கதவுகளுக்கு றப்பர் பட்டி ஒட்டி, சூட்டைக் கூட்டிக் குறைக்கும் புது தெர்மோஸ்டாற் ஒன்று பூட்டித் தந்துவிட்டுப் போனார்கள். வந்தவர்கள் நல்ல பிள்ளைகள். காலில் உறை போட்டுக்கொண்டு மெதுவாக நடந்தார்கள்.

டொக்டர் கணவரை நெஞ்சுப் படம் எடுக்க அனுப்பினார். நுரையீரலைச் சுற்றியுள்ள சவ்வில் தடிப்பு இருந்தது. இப்போதைக்கு இது நோயில்லை, பின்னுக்கு என்ன வரும் என்றும் சொல்ல முடியாது, தொடர்ந்து பார்க்கவேண்டும் என்றார். திரும்பி வரும்போது பஸ்ஸில் கணவர் யன்னலைப் பார்த்தபடி கேட்டார்.

"பிள்ளையின்ரை அறையிலை லைற் பூட்ட சீலிங்கை வெட்டினனான். ஞாபகமிருக்கே உமக்கு? எவ்வளவு தூள் கொட்டினது?"

"நான்தான் கூட்டி அள்ளினனான்."

"பிள்ளை கட்டிலிலை இருந்து விளையாடிக்கொண்டிருந்தது."

அவருடைய கையைப் பிடித்துக்கொண்டேன். இறங்கும்வரை அப்படியே இருந்தோம்.

மகள் இப்போது றிச்மண்ட் ஹில்லில் இருக்கிறாள், கைக்குழந்தையோடு. விசயத்தைச் சொன்னதும் போனில் அழுதாள். பிறகு சில நாள் எடுக்கவில்லை. எடுத்தபோது குரல் தெளிவாக இருந்தது.

"அம்மா, குறை நினைக்காதேங்கோ. பேபியை அங்கை கொண்டுவரமாட்டன். நீங்கள் ரெண்டு பேரும் இஞ்சை வாங்கோ."

"மூடி டேப் ஒட்டித்தானே கிடக்கு" என்றேன்.

"ப்ளீஸ், அம்மா."

அவளோடு வாதாடவில்லை. பிள்ளை பெற்ற எனக்கு அவளுடைய பயம் விளங்கியது. ஆனாலும் போனை வைத்துவிட்டு, பேரனுக்கென்று வாங்கி வைத்திருந்த சின்னக் கட்டிலை மடித்துப் பேஸ்மென்றுக்கு இறக்கினபோது அழுகையை அடக்க முடியவில்லை. மேல் அறைகளை நாங்களும் விட்டுவிட்டோம். வரவேற்பறையில் மெத்தை போட்டுப் படுக்கிறோம். வீட்டை விற்கலாமென்றால், வாங்குகிறவருக்குச் சொல்லவேண்டும். சொன்னால் யார் வாங்குவார்கள்? குளிர் முன்போலவே இறங்குகிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் மாறி மாறி மகள் வீட்டுக்குப் போகிறோம். அவர் ஒரு பையில் புதுச் சேர்ட் கொண்டுவருவார். கடையில் வாங்கி, மகள் வீட்டு மெஷினிலேயே தோய்த்து வைத்தது. தூசி ஒட்டிவிடுமென்று எங்கள் வீட்டு அலுமாரிக்குள் அதை ஒருநாளும் வைக்கமாட்டார். பையோடு கதவு மூலையில் தொங்கும். போனதும் பாத்ரூமுக்குள் புகுந்து, கையை முழங்கைவரை கழுவி, அதை மாற்றிக்கொண்டு வருவார். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மகள் ஒருமுறை "அப்பா, தேவையில்லை" என்றாள். அவர் கேளாதவர்போல நின்று, குழந்தைக்காகக் கையை நீட்டினார். அவள் கொடுத்தாள்.